தாடை முடியும் பிபி மாத்திரையும்

தாடையில் கருகருவென்று முடி, மாதவிலக்கும் தள்ளிப் போனது. கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி, எம்.சி. ரோடு பார்லரில் த்ரெட்டிங், எல்லாம் பார்த்தாயிற்று. வாரம் திரும்பினால் மறுபடி குத்தும். ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அதிகம், ஸ்கேனில் பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை.

முதலில் கருத்தடை மாத்திரை மட்டும். ஆறு மாதம் பார்த்துவிட்டு, போதாது என்று ஸ்பைரோனோலாக்டோன் சேர்த்தார் டாக்டர். தண்டையார்பேட்டை மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்து, “பிபியாம்மா?” என்றார். அதற்கும் இதே மாத்திரைதான். எனக்கோ அது ஆண் ஹார்மோன் முடிவேரில் வேலை செய்யாமல் தடுக்கிறது. கர்ப்பத்தில் கூடவே கூடாது, அதனால் கருத்தடையை நிறுத்தக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுமாம், இளநீரையும் குறைக்கச் சொன்னார் டாக்டர்.

முடி கொட்டிவிடும் என்று கண்ணாடியைப் பார்த்துப் பயனில்லை. கொட்டாது, மெலிந்து, மெதுவாக வளரும். பார்லர் போகும் இடைவெளி நீண்டபோதுதான் மருந்து கேட்பது தெரிந்தது. அப்பாடா, இப்போது மாதம் ஒருமுறை போனால் போதும்.