வகைமைக் கதையைச் சிறிய இணையச் சஞ்சிகைக்கு அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் விஞ்ஞானப் புனைகதையோ திகில் கதையோ துப்பறியும் கதையோ எழுதுகிறவர்களுக்கு நாளிதழ்களின் வாரமலர்களில் கிடைக்கும் இடம் குறைவு. ஆகவே அவர்கள் பெரும்பாலும் நாடுவது சிறிய இணையச் சஞ்சிகைகளையே. அவற்றை நடத்துபவர்கள் அநேகமாக ஒருவர் அல்லது இருவர். பகலில் வேறு தொழில் பார்த்துவிட்டு, ஊதியம் ஏதுமின்றி இரவில் அமர்ந்து கதைகளை வாசிப்பவர்கள். அத்தகைய சஞ்சிகையொன்றின் தெரிவுப் பணியில் பங்கேற்று வருபவள் என்ற முறையில் எனக்கு உறுதியாகப் படுவது ஒன்றுண்டு. அந்தச் சஞ்சிகையின் ஓரிரு இதழ்களையும் அதன் விதிமுறைகளையும் நிதானமாக வாசித்திருந்தால் நேர்ந்திராத தவறுகளாலேயே, தேறக்கூடிய கதைகள் பல திருப்பி அனுப்பப்படுகின்றன.

முதல் தவறு, வகைமையின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புவது. திகில் கதை கேட்கும் சஞ்சிகைகள் எல்லாம் ஒரே திகிலைக் கேட்பதில்லை. மனத்துக்குள் மெல்லப் பரவும் அச்சத்தையே தொடர்ந்து வெளியிட்டு வரும் ஓர் ஆசிரியருக்கு, பக்கத்துக்குப் பக்கம் இரத்தம் வழியும் கதையை அனுப்பினால், அது எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தாலும் அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. சொல்லளவு பற்றிய விதியும் அப்படியே. மூவாயிரம் சொற்கள் என்று வரையறுத்திருந்தால் நாலாயிரம் சொற்களில் அனுப்பி, "தேவையெனில் சுருக்கிக் கொள்ளுங்கள்" என்று எழுதுவது முறையன்று. கதையைச் சுருக்குவது எழுதியவரின் வேலை. தமிழில் எழுதிய கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்புகிறவர்கள், தமிழில் உருபுகள் சொல்லோடு ஒட்டி நிற்பதால் ஆங்கிலத்தில் சொல்லெண்ணிக்கை கணிசமாகக் கூடிவிடும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இலங்கைக்கே உரிய சிக்கல் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் அச்சகங்களும் அலுவலகங்களும் நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவில் பழகியவை. பாமினியில் தட்டச்சு செய்த கதை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கப்படும்போது தமிழாகவே தெரியாது. "அம்மா" என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். ஆசிரியர் அதனை யூனிகோடுக்கு மாற்றி வாசிக்கலாம்தான்; ஆனால் மாற்றும்போது கதையில் இடையிடையே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துகளாகிக் குழம்பிவிடும். பிடிஎஃப் கோப்பாக அனுப்புவது இதற்குத் தீர்வாகாது. அதிலிருந்து பிரதி எடுத்து ஒட்டும்போது கொம்புகளும் கால்களும் எழுத்தை விட்டு விலகிச் சிதறுவதுண்டு. ஒரு முழுக்கதையை அப்படி எழுத்தெழுத்தாகத் திருத்துவதற்குச் சிறிய சஞ்சிகைகளில் ஆளில்லை. யூனிகோடில் தட்டச்சு செய்து, விதிமுறை வேறு எதையும் கேட்காவிட்டால் வேர்ட் கோப்பாக அனுப்புங்கள். கோப்புக்குக் கதையின் தலைப்பையும் உங்கள் பெயரையும் இடுங்கள். எழுதியவர் யாரென்று அறியாமல் வாசிக்கும் முறையைப் பின்பற்றும் சஞ்சிகையாக இருந்தால், பெயரைக் கோப்பின் தலைப்பிலிருந்தும் முதற்பக்கத்திலிருந்தும் நீக்குவதோடு நின்றுவிடாமல், வேர்ட் தானாகவே பதிந்து வைத்திருக்கும் எழுதியவர் பெயரையும் கோப்பின் விவரங்களிலிருந்து நீக்க வேண்டும்.

கதைக்குள் நேரும் தவறுகளில் என்னை மிகவும் வருந்தச் செய்வது, தாமதமாகத் தொடங்குவது. எடுத்துக்காட்டாக, வெள்ளவத்தையில் ஆறு மாடிக் குடியிருப்பொன்றின் மின்தூக்கி ஓர் இரவு ஏழாவது மாடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல கரு. ஆனால் கதை காலி வீதியில் பெய்யும் மழையில் தொடங்குகிறது. நாயகனின் வேலை, அவனுடைய முகாமையாளரின் கோபம், வீட்டு வாடகை, தாயாரின் சுகவீனம் என்று மூன்று பக்கங்கள் கடந்த பிறகே அவன் மின்தூக்கிக்குள் நுழைகிறான். வாசகர் அதுவரை காத்திருக்கமாட்டார். கதவு திறக்கும் கணத்தில் தொடங்கி, வாடகையையும் தாயாரையும் அவன் அந்த மாடியில் காண்பவற்றின் ஊடாகவே உணர்த்தினால், அதே செய்திகள் கதையைத் தடுப்பதற்குப் பதிலாக முன்னே தள்ளும். விஞ்ஞானப் புனைகதையில் இதற்கு இணையான குறை, இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பாத்திரமொன்று இன்னொரு பாத்திரத்துக்குப் பாடமாக ஒப்பிப்பது. இருவருக்குமே தெரிந்த விடயத்தை ஒருவர் மற்றவருக்கு விளக்குவதில்லை. அந்த இயந்திரத்தால் அவர்கள் அன்று எதை இழந்தார்கள் என்பதைக் காட்டுங்கள். இறுதியில் எல்லாம் கனவு என்று முடிப்பதையும், துப்பறிபவர் அறிந்த தடயத்தை வாசகருக்குக் காட்டாமல் கடைசிப் பக்கத்தில் எடுத்து வைப்பதையும் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் வாசகரின் நம்பிக்கையை முறிக்கின்றன.

உரையாடலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொழும்பில் நிகழும் கதையில், கொம்பனித்தெருவில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் முச்சக்கரவண்டிச் சாரதியும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய மூதாட்டியும், ஹட்டனிலிருந்து வந்து புறக்கோட்டைக் கடையில் வேலை செய்யும் இளைஞனும் ஒரே தமிழைப் பேசுகிறார்கள். அதுவும் சென்னைத் திரைப்படத்தில் கேட்ட தமிழை. இந்த நகரத்தின் செவிக்கு அது உடனே பொய்யாகத் தட்டுப்படும். இயல்பான உலகத்தை வாசகர் முதலில் நம்பினால்தான் அதற்குள் நுழையும் பேயையும் வேற்றுக்கிரகவாசியையும் நம்புவார் என்பதால், வகைமைக் கதைக்கு இந்த நம்பகத்தன்மை ஏனைய கதைகளை விடவும் அவசியமானது.

முகநூலில் முழுமையாகப் பதிவிட்ட கதையைப் புதிய கதையென்று அனுப்புவது மிகப் பரவலான தவறு. பெரும்பாலான சஞ்சிகைகள் முதற்பிரசுர உரிமையையே கேட்கின்றன. நண்பர்கள் மட்டுமே வாசித்தார்கள் என்பது அநேக ஆசிரியர்களிடம் செல்லுபடியாகாது. மறுபிரசுரத்தை ஏற்கும் சஞ்சிகைகளும் உள்ளன. அவற்றுக்கு அனுப்பும்போது முதலில் எங்கே வெளிவந்தது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். ஒரே கதையை ஒரே வேளையில் பல இடங்களுக்கு அனுப்பலாமா என்பதையும் விதிமுறையே தீர்மானிக்கும். அனுமதி இருந்தாலும், ஓரிடத்தில் ஏற்கப்பட்ட அன்றே ஏனையவர்களுக்கு அறிவித்து மீளப்பெற்றுக்கொள்வது கட்டாயம். வேறொரு புறத்தில், ஆசிரியர் கதையைத் திருடிவிடுவார் என்ற அச்சத்தில் பக்கந்தோறும் பதிப்புரிமை எச்சரிக்கை அச்சிட்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பதிவு எதையும் வேண்டாமல், படைக்கப்பட்டமையை மட்டுமே கொண்டு ஆக்கத்துக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அது எழுதியவரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். அந்த எச்சரிக்கைகளால் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றுமில்லை.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கதை எழுதி வாங்கி அனுப்ப வேண்டாம். அமெரிக்காவின் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்னும் விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகை, 2023 பெப்ரவரியில் இத்தகைய ஆக்கங்கள் வந்து குவிந்தமையால், கதைகளை ஏற்பதையே சில வாரங்களுக்கு நிறுத்த நேர்ந்தது. உழைத்து எழுதியவர்களுக்கும் அந்நாட்களில் வாசல் மூடியே இருந்தது.

இறுதித் திகதியைக் கொழும்பு நேரத்தில் கணித்துக் கொள்ளாமல் இருப்பதும் பலரைப் பின்தள்ளுகிறது. ஜூன் 30 நள்ளிரவு வரை என்று ரொறன்ரோவிலிருந்து இயங்கும் சஞ்சிகை அறிவித்தால் உங்களுக்கு மறுநாள் காலை 9.30 வரை அவகாசம் உண்டு. சிட்னியிலிருந்து அறிவிக்கப்பட்டிருந்தால் அன்று இரவு 7.30க்கே வாசல் மூடிவிடும்.

கதையுடன் அனுப்பும் கடிதம் நான்கைந்து வரிகளில் அமையட்டும்: தலைப்பு, வகைமை, சொல்லெண்ணிக்கை, முன்னர் வெளிவரவில்லை என்ற உறுதி, உங்களைப் பற்றி ஓரிரு வாக்கியங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம், மர்மக் கதையின் கொலையாளியைக் கடிதத்திலேயே அறிந்துவிட்ட ஆசிரியரால் அந்தக் கதையை ஒரு வாசகராக வாசிக்க முடியாது. அனுப்பிய மூன்றாம் நாளே தொலைபேசியில் அழைப்பதையும், வாட்ஸ்அப்பில் நினைவூட்டுவதையும் தவிர்த்து, அறிவிக்கப்பட்ட காலம் கடந்த பின்னர் மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். மறுப்பு வந்தால் அதற்கு வாதாடிப் பதில் எழுத வேண்டாம். ஆசிரியர் குறிப்பிட்ட திருத்தமொன்றைச் சொல்லி மீண்டும் அனுப்புமாறு கேட்டிருந்தாலன்றி, அதே கதையைச் சற்று மாற்றி அதே சஞ்சிகைக்கு அனுப்பாமல், அதனை இன்னொரு சஞ்சிகைக்கு அனுப்பிவிட்டு இவர்களுக்கு வேறொரு கதையை எழுதி அனுப்புங்கள்.