விபத்துக்குப் பிறகு கார் இன்சூரன்ஸ்: இளம் ஓட்டுநர்கள் பிரீமியத்தைக் குறைக்கும் வழி

புதுப்பித்தல் அறிவிப்பில் பிரீமியம் திடீரென்று ஏறியிருந்தால், "சின்னப் பையன் ஓட்டுகிறான், அதனால் ஏற்றிவிட்டார்கள்" என்று வீட்டில் பேச்சு எழும். பிரிட்டனிலோ கனடாவின் சில மாகாணங்களிலோ அது உண்மையாக இருக்கும். அங்கே இருபது வயதுக்காரருக்கு வயதே பெரிய சுமை. இந்தியாவில் பாலிசி முக்கியமாக வண்டியையும் அதன் உரிமையாளரையும் வைத்தே எழுதப்படுகிறது. கட்டணத்தை ஏற்றுவது பெரும்பாலும் நீங்கள் வாங்கிய கிளெய்ம், அதாவது நிறுவனத்திடம் கேட்டு வாங்கிய இழப்பீடு. இரண்டு முறை வண்டியை இடித்தும் கிளெய்ம் கேட்காதவருக்கு, கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான போனஸ் அப்படியே இருக்கும். ஒரே ஒரு கீறலுக்குக் கிளெய்ம் வாங்கியவர் அதை இழந்திருப்பார்.

படி 1: அறிவிப்பைப் பிரித்துப் பாருங்கள்

மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். உள்ளே மூன்று தொகைகள் இருக்கும்.

முதலாவது தேர்ட் பார்ட்டி. உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கானது, சட்டப்படி கட்டாயம். இதன் விலையை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி, 1000 சிசி வரையுள்ள தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஜிஎஸ்டி தனி. எத்தனை விபத்து நடந்திருந்தாலும் எல்லா நிறுவனத்திலும் இதே தொகைதான். இதில் தள்ளுபடி தருவதாக யாராவது சொன்னால் அந்தப் பாலிசி போலியாக இருக்கலாம். நிறுவனத்தின் இணையதளத்தில் பாலிசி எண்ணைச் சரிபார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

இரண்டாவது, உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. அதே அளவுக்கு வேறு விபத்துப் பாலிசி ஏற்கெனவே இருந்தால் இதை விலக்கச் சொல்லலாம். மிச்சம் சில நூறு ரூபாய்தான்.

மூன்றாவது ஓன் டேமேஜ், அதாவது உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கானது. ஏறுவதும் இறங்குவதும் இங்கேதான். இனி வரும் படிகள் எல்லாம் இந்தப் பகுதியைப் பற்றியவை.

படி 2: நோ கிளெய்ம் போனஸ் எங்கே நிற்கிறது?

கிளெய்ம் இல்லாமல் ஓராண்டு கடந்தால் ஓன் டேமேஜ் தொகையில் 20 சதவீதம் குறையும். தொடர்ந்து இரண்டாம் ஆண்டு 25, மூன்றாம் ஆண்டு 35, நான்காம் ஆண்டு 45, ஐந்தாம் ஆண்டு 50. அதற்கு மேல் இல்லை. ஒரே ஒரு கிளெய்ம் போதும், அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். நான்காண்டுப் பொறுமை ஒரு பம்பருக்காகப் போவது இப்படித்தான்.

இந்தப் போனஸ் காருக்கு உரியது அல்ல, பாலிசிதாரருக்கு உரியது. பழைய கார் வாங்கும் இளைஞர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். விற்றவருக்கு 50 சதவீதம் இருந்தது என்பதால் உங்களுக்கு வராது. வாங்கிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்து, விற்றவருக்குப் போனஸாகக் குறைத்த தொகையின் வித்தியாசத்தைக் கட்டிவிட வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போது அவருடைய போனஸை மகன் வாங்கும் காருக்கும் மாற்ற முடியாது. உங்கள் காரை நீங்களே விற்றால், போனஸ் சான்றுக் கடிதத்தை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படும்.

படி 3: கிளெய்ம் கேட்கும் முன் பேனாவை எடுங்கள்

இந்தப் படியை அவசரமாகத் தாண்ட வேண்டாம். பணம் உண்மையில் மிச்சமாவது இங்கேதான்.

தாம்பரத்தில் 24 வயது இளைஞர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 1200 சிசி கார், 35 சதவீதப் போனஸ். போனஸ் கழிக்காமல் அவருடைய ஓன் டேமேஜ் தொகை 8,000 ரூபாய். பார்க்கிங்கில் தூணில் இடித்து முன் பம்பர் உடைந்தது. பில் 9,000: பம்பர் 4,000, பெயின்ட் 3,000, கூலி 2,000.

முழுத் தொகையும் கைக்கு வராது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம். பம்பருக்கு 2,000தான் கிடைக்கும். பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருளுக்கான விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், 2,625 மிஞ்சும். கூலி முழுதாக 2,000. ஆக 6,625. 1500 சிசி வரையுள்ள காருக்கு, ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. கையில் வருவது 5,625.

இனி இழப்பு. கிளெய்ம் கேட்காவிட்டால் அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவர் கட்டுவது 4,400, பிறகு நான்கு முறை 4,000, மொத்தம் 20,400. கேட்டால் 8,000, 6,400, 6,000, 5,200, 4,400, மொத்தம் 30,000. வித்தியாசம் 9,600. 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் 11,328. கார் பழையதாக ஆக அடிப்படைத் தொகையும் இறங்கும் என்பதால் உண்மையான இழப்பு சற்றுக் குறையலாம். ஆனாலும் 5,625 ரூபாய்க்காக இதைக் கொடுப்பது வீண். பேசாமல் நம்பகமான டிங்கரிங் கடைக்குப் போய்விடலாம்.

பில் 40,000, 50,000 என்றால் கணக்கு தலைகீழ். தயங்காமல் கிளெய்ம் கேளுங்கள். அப்போது நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும் முன் பழுது நீக்கத் தொடங்காதீர்கள். இரண்டு வேறு விபத்துகளின் சேதத்தை ஒன்றாகக் காட்டச் சொல்லும் மெக்கானிக்கின் பேச்சையும் கேட்காதீர்கள். கண்டுபிடித்தால் இரண்டுமே போகும்.

யாருக்காவது காயம் பட்டிருந்தால் இந்தக் கணக்குக்கே இடமில்லை. காயம்பட்டவருக்குச் சிகிச்சை, காவல் நிலையத்துக்குத் தகவல், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல், மூன்றும் உடனே நடக்க வேண்டும்.

படி 4: எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது

சேதத்தில் முதல் சில ஆயிரத்தை நானே ஏற்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் பிரீமியம் குறையும். 2,500, 5,000, 7,500, 15,000 என்று படிகள் உண்டு. சின்னக் கிளெய்ம் கேட்பதில்லை என்று முடிவெடுத்தவருக்கு 2,500 அல்லது 5,000 பொருத்தம். அடிக்கடி இடிப்பவர் 15,000க்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிச்சம் பிடித்ததை ஒரே விபத்து வாரிக்கொண்டு போகும்.

வண்டியை அதிகம் எடுக்காதவர்கள், ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் பாலிசிகளைக் கேட்டுப் பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இவற்றை 2022இல் அனுமதித்தது. கல்லூரி விடுதியில் இருந்துகொண்டு விடுமுறைக்கு மட்டும் ஓட்டுபவருக்கு நல்ல வழி.

தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் சேர்க்கை (ஆட்-ஆன்) விலை கூடியது. புதிய காருக்கு வைத்துக்கொள்ளலாம், ஐந்து வயதை நெருங்கும் காருக்கு விடலாம். போனஸைக் காக்கும் சேர்க்கையும் உண்டு; ஆனால் விபத்துக்குப் பிறகு அதை வாங்கினால் போன போனஸ் திரும்பாது.

ஐடிவி எனப்படும் வண்டியின் காப்பீட்டு மதிப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். மதிப்பைக் குறைத்து விலையை மலிவாகக் காட்டுவது பழைய தந்திரம். கார் திருடுபோனாலோ பழுதுச் செலவு ஐடிவியின் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ, அந்தக் குறைந்த மதிப்பை வைத்துத்தான் பணம் வரும்.

படி 5: நான்கு இடத்தில் விலை கேளுங்கள், உண்மையைச் சொல்லுங்கள்

பழைய கிளெய்மை எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி எடைபோடுவதில்லை. யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா போன்ற பொதுத்துறை நிறுவனம் ஒன்று, தனியார் இரண்டு, ஒரு முகவர், இது போதும். ஒரே ஐடிவி, ஒரே சேர்க்கைகள் வைத்துக் கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

"கடந்த ஆண்டு கிளெய்ம் உண்டா?" என்ற கேள்விக்கு இல்லை என்று பதிவு செய்து போனஸ் வாங்கிவிடலாம் என்று சில முகவர்களே ஆலோசனை சொல்வார்கள். புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் விசாரித்தால் விஷயம் வெளியாகும். அடுத்த விபத்தில் உங்கள் ஓன் டேமேஜ் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

படி 6: கடைசி நாளுக்கு முன்பே கட்டுங்கள்

பாலிசி காலாவதியாகி 90 நாட்கள் ஆனால் சேர்த்த போனஸ் முழுதும் போய்விடும். காலாவதியான பிறகு அந்த 90 நாட்களுக்குள் கட்டினாலும் வண்டியைப் பரிசோதித்த பிறகுதான் ஓன் டேமேஜ் தருவார்கள். இடைப்பட்ட நாட்களில் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அந்த நாட்களில் ஒருவர் மீது மோதிவிட்டால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு உங்கள் தலையில்தான் விழும்.

ஓட்டுநர் உரிமத்தின் தேதியையும் அன்றே பாருங்கள். உரிமம் இல்லாத தம்பி சாவியை எடுத்துப் போய் இடித்தால் வண்டிக்கான கிளெய்ம் கிடைக்காது.

படி 7: ஏற்றியது நியாயமில்லை என்று தோன்றினால்

போனஸ் தவறாகக் கழிக்கப்பட்டிருந்தாலோ கிளெய்ம் காரணமின்றி மறுக்கப்பட்டாலோ, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் காரணம் கேளுங்கள். தொலைபேசிப் பேச்சு பிறகு உதவாது. பதில் திருப்தி தராவிட்டால் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம். அதற்கும் மேல் காப்பீட்டு குறைதீர்ப்பாளர் இருக்கிறார்; தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. பாலிசி நகல், கிளெய்ம் கடிதங்கள், நிறுவனத்தின் பதில் ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள்.