நீதிக்கதைப் பொருட்கள் சேகரிக்கிறீர்களா?

நரி, காகம், ஆமை, முயல் வரும் பழைய நீதிக்கதைகள் அஞ்சல்தலை, தீப்பெட்டி லேபிள், விளம்பர அட்டை, சுவர் ஓடு என்று எல்லாவற்றிலும் வந்திருக்கின்றன. கண்டதையெல்லாம் வாங்கிக் குவிக்காமல் ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நரியும் கொக்கும் கதை என்றால், அந்தக் குறுகிய வாய் ஜாடியை ஒவ்வொரு ஓவியரும் எப்படி வரைந்திருக்கிறார் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் சுகமே இருக்கிறது.

பழைய அட்டை என்று சொல்லி விற்றால் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் வண்ணக் கல்லச்சில் (கல்லில் வரைந்து வண்ணம் வண்ணமாக அச்சிடும் முறை) புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். வரிசை பிசகாமல், குட்டிப் பூக்களாகத் தெரிந்தால் பெரும்பாலும் பிற்கால ஆஃப்செட் அச்சு நகல்தான். லீபிக் என்ற இறைச்சிச் சாறு நிறுவனத்தின் விளம்பர அட்டைகள் பெரும்பாலும் 6 கொண்ட தொகுப்பாக வந்தவை. முழுசாக இருக்கிறதா என்று எண்ணி வாங்குங்கள்.

அப்புறம், பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். நாளாக ஆக அது காகிதத்தைக் கெடுத்துவிடும். பாலியெஸ்டர் உறை நல்லது. செல்லோ டேப், லேமினேஷன் பக்கமே போகாதீர்கள். எங்கே, எப்போது வாங்கியது என்பதைத் தனித் துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதி உறைக்குள் வையுங்கள்.