ஃபெல்லோஷிப்பை நம்பி லேப் தொடங்குகிறவர்களுக்கு

போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பயிற்சி) முடிக்கப்போகும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "புரபோசல் எப்படி எழுதுவது?" அதற்கு முன்னால் லேப் நடத்த ஒரு நிறுவனத்தில் இடம் பிடியுங்கள்.

உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் இந்தியா அலையன்ஸின் இடைநிலை ஃபெல்லோஷிப் ஆகட்டும், வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கான ராமலிங்கசாமி ஃபெல்லோஷிப் ஆகட்டும், ஐந்து ஆண்டுக்குப் பணம் வரும். மேசையும் மின்சாரமும் நீங்கள் சேரும் நிறுவனம்தான் தர வேண்டும். "வாங்க, பார்த்துக்கலாம்" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். இருந்தாலும் கடிதமாக வாங்குங்கள்: எத்தனை மேசை, செல் வளர்க்கும் டிஷ்யூ கல்ச்சர் அறையில் ஹுட் (கிருமி புகாமல் வேலை செய்யும் பெட்டி) உங்களுக்கே தனியா, பிறரோடு பகிர்வதா, கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப்புக்கு மணிக்கு என்ன கட்டணம், பிஎச்.டி. மாணவரைச் சேர்க்க உங்களுக்கு வழிகாட்டி அங்கீகாரம் உண்டா. கடைசிக் கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அங்கீகாரம் இல்லாவிட்டால் ஐந்து ஆண்டும் தற்காலிக உதவியாளர்களை வைத்தே ஓட்ட வேண்டும்.

சரி, புரபோசல். நேர்காணலில் எப்படியும் வரும் கேள்வி: "இதை உங்கள் பழைய பாஸே செய்துவிட மாட்டாரா?" பதில் திட்டத்திலேயே தெரிய வேண்டும். உதாரணத்துக்கு, செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாச வலையின் குழாய்கள் சுற்றி இறுக்கும் இடங்களில்தான், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பிளவுபடுகிறது என்று 2011-இல் காட்டினார்கள். உங்கள் பாஸ் அந்தப் பிளவுப் புரதங்களைப் பிரித்தெடுத்துச் சோதனைக் குழாயில் ஆராய்கிறவர் என்றால், நீங்கள் நரம்புச் செல்லின் ஆக்ஸானுக்கு (நீண்ட இழைக்கு) போய், அங்கே பிளவு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கேள்வி, செல், கருவி மூன்றில் குறைந்தது இரண்டு வேறாக இருக்கட்டும். எந்த பிளாஸ்மிட்டை (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் டிஎன்ஏ வளையத்தை) எடுத்துப் போகலாம் என்பதையும் கிளம்பும் முன்பே அவரிடம் பேசி, மின்னஞ்சலில் பதிந்துகொள்ளுங்கள்.

பணம் வந்ததும் மைக்ரோஸ்கோப் பட்டியலோடு உட்காராதீர்கள். உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். மரபணு மாற்றிய செல்லைத் தொட அது வேண்டும். அடுத்து, கொள்முதல் பிரிவில் இருப்பவரைப் போய்ப் பாருங்கள். செல் வளர்ப்புக்காக உலர்பனியில் வரும் சீரம் சுங்கத்தில் வார இறுதியைக் கழித்தால் பனி தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை வந்திறங்கும் பார்சலை எப்படித் தவிர்ப்பது என்று அவருக்குத்தான் தெரியும்.

செல்கள் வந்ததும் நேராக எல்லாரும் பயன்படுத்தும் இன்குபேட்டரில் வைக்காதீர்கள்; மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா தொற்றியிருக்கலாம். அதற்குச் செல்சுவர் கிடையாது, அதனால் பெனிசிலின் ஒன்றும் செய்யாது; செல் வளரும் ஊடகமும் கலங்காது, தெளிவாகவே இருக்கும். டிஎன்ஏவை நீலமாக ஒளிரவைக்கும் ஹெக்ஸ்ட் சாயம் போட்டுப் பாருங்கள். உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசம் இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள் தெரிந்தால் அந்தக் குடுவையைக் குப்பையில் போடுங்கள். டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆரிலும் பார்த்துவிடுவது நல்லது. சுத்தம் என்று தெரிந்த அன்றே முதல் சில பாஸேஜ்களின் (புதுக் குடுவைக்கு மாற்றி வளர்த்த தலைமுறைகளின்) செல்களை உறைய வைத்து, பாதியை வேறு கட்டடத்தில் உள்ள திரவ நைட்ரஜன் தொட்டியில் வையுங்கள். நீண்ட விடுமுறையில் தொட்டிக்கு நைட்ரஜன் ஊற்றுவது யார் என்று பெயரோடு கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.