நிறக் கோட்பாட்டுப் படங்கள்: முதலில் கேமராவை அடக்குங்கள்

டிசைன் முதலாண்டில் எனக்குக் கிடைத்த வேலை, எதிர் நிறங்கள் (வண்ணச் சக்கரத்தில் எதிரெதிரே இருப்பவை), அண்டை நிறங்கள் (அடுத்தடுத்து இருப்பவை), ஒற்றை நிறம் என மூன்று வகைப் படங்கள் எடுப்பது. நீலத் துணி விரித்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து எடுத்தேன். துணி சாம்பலடித்து வந்தது. சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்வை, ஏற்றினேன், பழம் பிளாஸ்டிக் பொம்மையாகிவிட்டது. இரண்டு வாரம் வீணான பிறகு பிடிபட்ட வழி இது.

நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டுவதுதான் வண்ணச் சக்கரம். எந்தச் சக்கரம் என்று முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள். ஓவியர் சக்கரத்தில் நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு, சிவப்புக்கு எதிரே பச்சை. கேமராவும் திரையும் பின்பற்றும் ஒளிச் சக்கரத்தில் நீலத்துக்கு எதிரே மஞ்சள், சிவப்புக்கு எதிரே சயான் (பச்சை கலந்த நீலம்). இரண்டையும் கலந்து குழம்பாதவர்கள் குறைவு.

அடுத்தது வொயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு. என் துணியைக் கெடுத்தது இதுதான். ஆட்டோவில் விட்டால், படம் முழுக்க நீலம் நிறைந்திருப்பதைப் பார்த்து ‘வெளிச்சம்தான் நீலம் போல’ என்று கேமரா நினைத்துக்கொள்கிறது. மஞ்சளைச் சேர்த்துச் சமன்செய்கிறது. ஆகவே பகலில், ஜன்னலோரம், அறை விளக்குகளை அணைத்துவிட்டு எடுங்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்: குண்டு பல்பின் ஒளி சுமார் 2,800 கெல்வின், பகல் வெளிச்சம் சுமார் 5,500. இரண்டும் சேர்ந்தால் ஒரே பொருளின் இரு பக்கமும் இரு நிறமாகத் தெரியும். வொயிட் பேலன்ஸை 5,500இல் பூட்டுங்கள். கைபேசியாக இருந்தால் ப்ரோ மோடில் தேடுங்கள். முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையையும் சேர்த்து எடுத்துவைத்தால், எடிட்டிங்கில் அதைத் தொட்டு நிறத்தைச் சரிசெய்யலாம்.

சிவப்புப் பொருளா? எக்ஸ்போஷரை, அதாவது கேமரா பதிவுசெய்யும் வெளிச்சத்தை, கொஞ்சம் குறையுங்கள். கேமரா சிவப்பு, பச்சை, நீலம் எனத் தனித்தனியாகப் பதிவதில் சிவப்பு சேனல் மட்டும் முதலில் நிரம்பிவிடும், பூவிதழின் மடிப்பெல்லாம் காணாமல்போகும்.

சரி, இப்போது எதிர் நிறப் படத்தில் நிறங்களின் அளவு. பாதிக்குப் பாதி வைத்தால் இரண்டும் மல்லுக்கட்டும். 1919இல் ஜெர்மனியின் பாவ்ஹாவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் கற்பிக்கத் தொடங்கிய யோஹன்னஸ் இட்டனின் கணக்குப்படி, ஆரஞ்சு ஒரு பங்கு என்றால் நீலம் இரண்டு. மஞ்சள் ஒன்றுக்கு ஊதா மூன்று. சிவப்பும் பச்சையும் மட்டும் சமம். இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தொடங்குவதற்கு நல்ல அளவு.

அப்புறம், பக்கத்து நிறத்தைச் சந்தேகியுங்கள். பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் கருப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை ஆராய்ந்தார் வேதியியலாளர் ஷெவ்ரோல். குற்றம் சாயத்தில் இல்லை, அருகில் இருந்த நிறங்களில் என்று கண்டார். 1839இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். பொருளை மாற்றாமல் பின்னணியை மட்டும் மாற்றி நான்கு படம் எடுங்கள், உங்களுக்கே புரியும்.

அண்டை நிறப் படம் எளிது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரிசையாக வைத்தால் போதும். ஒற்றை நிறம்தான் கழுத்தை அறுக்கும். நேர் வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகிவிடும், அதனால் பக்கவாட்டு ஒளி கட்டாயம்.

எடுத்த படங்களைக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால் வெளிச்ச வேறுபாடு போதவில்லை, திரும்ப எடுங்கள். ஒப்படைக்கும் கோப்பை எஸ்ஆர்ஜிபியில் (பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிற அமைப்பு) சேமியுங்கள், வேறு திரையில் நிறம் வெளிறாமல் இருக்கும்.