123456789 ஐக் கையால் உடைப்பது எப்படி?

கொக்குவிலில் வீட்டு விறாந்தையில வைச்சு ஓ.எல். பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறன். பெரிய எண்ணைக் கண்டவுடன கல்குலேற்றரைத் தேடுற பிள்ளைக்கு நான் முதல் குடுக்கிறது 123456789. இதை முதன்மைக் காரணிகளா உடைக்கப் பேனையும் கொப்பியில ஒரு பக்கமும் காணும்.

சுகமான சோதனையளை முதல் முடியுங்கோ. கடைசி இலக்கம் 9, ஆகவே 2ம் 5ம் இல்லை. இலக்கங்களின்ர கூட்டுத்தொகை 45, அதால 9 ஆல் வகுபடும். ஈவு 13717421. அதின்ர இலக்கக் கூட்டுத்தொகை 26. இனி 3 இல்லை.

7, 11, 13 மூண்டையும் தனித்தனிய வகுத்து மினக்கெட வேண்டாம். மூண்டையும் பெருக்கினால் 1001. அதால எண்ணை வலப்பக்கத்தில இருந்து மும்மூண்டு இலக்கமா வெட்டி, மாறி மாறிக் கழிச்சுக் கூட்டலாம்: 421 − 717 + 13 = −283. 283 ஐ 7, 11, 13 ஆல் வகுத்தால் மீதி 3, 8, 10. மூண்டும் காரணி இல்லை.

இப்ப 17, 19 எண்டு ஒவ்வொண்டாப் பார்க்க வெளிக்கிட்டால், வர்க்கமூலமான 3703 வரைக்கும் போகவேண்டி வரலாம். அதுக்குள்ள ஐந்நூறுக்கு மேல முதன்மை எண்கள் கிடக்கு. இந்த இடத்தில பிரெஞ்சுக் கணித மேதை பெர்மாவின்ர வழியைப் பிடியுங்கோ. 1643 இல் அவர் 2027651281 ஐ 44021 × 46061 எண்டு உடைச்சது இந்த வழியாலதான். அடிப்படை, பள்ளிக்கூடத்தில படிக்கிற இரு வர்க்கங்களின் வித்தியாசம்: a² − b² = (a − b)(a + b). ஒரு வர்க்கத்தில இருந்து எங்கட எண்ணைக் கழிச்சு, மிச்சமும் வர்க்கமா வந்தால் காரணி கிடைச்சிடும்.

வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண் 3704. அதின்ர வர்க்கம் 13719616. அதில எங்கட 13717421 ஐக் கழிச்சால் 2195. ஐந்தில முடியிற வர்க்கம் எப்பவும் 25 இலதான் முடியும். 95 ஐக் கண்டவுடனயே தள்ளிவிடலாம். அடுத்தது 3705. வர்க்கம் 13727025, கழிச்சால் 9604. இந்த இடத்தில நான் வாய் திறக்கிறேல்லை. அது 98 இன்ர வர்க்கம் எண்டு பிள்ளை தானாக் கண்டுபிடிக்கவேணும், அந்தச் சந்தோசம் அதுக்கே உரியது.

3705 − 98 = 3607
3705 + 98 = 3803

ரெண்டு காரணியும் கிட்டக்கிட்ட இருந்தபடியால்தான் இவ்வளவு கெதியா வந்தது. தூர இருந்தால் இந்த வழி இழுபடும். ரெண்டு பெரிய முதன்மை எண்ணின்ர பெருக்கத்தை உடைக்கிறது கஷ்டம் எண்டதை நம்பி இரகசியம் காக்கிற ஆர்எஸ்ஏ (RSA) குறியாக்கத்துக்கு எடுக்கிற ரெண்டு முதன்மை எண்ணும் ஒண்டுக்கொண்டு கிட்ட இருக்கப்படாது எண்டுறதும் இதாலதான்.

இனி 3607 உம் 3803 உம் முதன்மை எண்தானா எண்டு பார்க்கவேணும். இதை விட்டிட்டு விடை எழுதினால் நான் புள்ளி போடமாட்டன். 13 வரைக்கும் முதலே கழிச்சாச்சு. ஆகவே முதல் எண்ணுக்கு 17 தொடக்கம் 59 வரை, மற்றதுக்கு 61 வரை வகுத்தால் போதும். ஒண்டாலயும் வகுபடாது.

123456789 = 3² × 3607 × 3803

மிச்சம் சுட்டிகளைப் பார்த்தே வரும். ஒவ்வொரு சுட்டியோடயும் ஒண்டைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின்ர எண்ணிக்கை: 3 × 2 × 2 = 12. காரணிகள் எல்லாத்தையும் கூட்டினால் (1 + 3 + 9) × 3608 × 3804, அதாவது 178422816.