பழைய கணினி விளையாட்டைப் பூட்டில்லாமல் விற்பது எப்படி

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் 2008-ல் குட் ஓல்ட் கேம்ஸ் என்ற பெயரில் தொடங்கிய கடைதான் இன்றைய ஜிஓஜி. பழைய விளையாட்டுகளில் நகலெடுப்பதைத் தடுக்கப் போட்டிருந்த பூட்டைக் கழற்றி, புதிய விண்டோஸில் ஓடும்படி சீர்செய்து விற்றார்கள். 1990களிலோ 2000களின் தொடக்கத்திலோ வந்த ஒரு விளையாட்டின் உரிமை உங்களிடம் இருந்தால் நீங்களும் இதைச் செய்யலாம். வாங்கியவர் பத்தாண்டு கழித்து, இணையம் இல்லாத கணினியில், யாரிடமும் அனுமதி கேட்காமல் நிறுவி விளையாட முடிய வேண்டும். கீழே வரும் எல்லா வேலையும் அதற்காகத்தான்.

முதலில் காகிதம்

விளையாட்டு உங்களுடையது என்பது ஒரே உரிமை அல்ல. நிரல், பெயரின் வணிகக் குறி, இசை, குரல், வீடியோ என்று ஒவ்வொன்றும் வேறு கையில் இருக்கலாம். சிஸ்டம் ஷாக் 2-ஐ உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் 2000-ல் மூடப்பட்டது. உரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. நைட் டைவ் என்ற விளையாட்டு நிறுவனம் அவர்களிடம் உரிமம் பெற்ற பிறகுதான் 2013-ல் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. பாடல் உரிமம் காலாவதியானதால் ஆலன் வேக் என்ற விளையாட்டு 2017 மே மாதம் கடைகளிலிருந்து இறங்கி, 2018-ல்தான் திரும்பியது.

பழைய ஒப்பந்தங்களில் 'பெட்டி விற்பனை' என்று மட்டும் எழுதியிருந்தால் பதிவிறக்க விற்பனைக்குத் தனியாக எழுதி வாங்குங்கள். பிங்க், மைல்ஸ் போன்ற வீடியோ, ஒலிக் கருவிகளின் உரிமத்தையும் பாருங்கள். அவை பெரும்பாலும் குறிப்பிட்ட கணினி வகைக்கென்று தரப்பட்டவை.

சிடியிலிருந்து எடுப்பது

மூல நிரலும் மாஸ்டரும் (சிடிகளை அச்சிடப் பயன்பட்ட மூலப் பிரதி) கிடைக்காவிட்டால் சிடியிலிருந்துதான் எடுக்க வேண்டும். இங்கே அதிகம் நடக்கும் தவறு, சிடியை ஐஎஸ்ஓ கோப்பாக எடுப்பது. அக்காலச் சிடிகள் பலவற்றில் முதல் டிராக் தரவு, மற்றவை சாதாரண ஆடியோ சிடி இசை. ஐஎஸ்ஓவில் தரவு மட்டுமே வரும். விளையாட்டு ஓடும், இசை இருக்காது. சிடியின் ஒவ்வொரு செக்டரிலும் (தரவின் சிறு துண்டு) உள்ள 2352 பைட்டையும் படிக்கும்படி .bin, .cue என்ற கோப்பு ஜோடியாக எடுங்கள். இரண்டு வெவ்வேறு சிடிகளிலிருந்து எடுத்து ஒப்பிடுங்கள். தரவு டிராக்கின் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகாவிட்டால் ஒன்றில் கீறல், அல்லது இரண்டும் வேறு பதிப்பு. இசை டிராக்குகள் மட்டும் பொருந்தவில்லை என்றால் டிரைவின் ஆஃப்செட், அதாவது ஒவ்வொரு டிரைவும் இசையைச் சற்று முன்பின்னாகப் படிக்கும் வேறுபாடாகவும் இருக்கலாம்.

பூட்டைக் கழற்றுவது

எளிய பூட்டு என்றால், விளையாட்டு கெட்டிரைவ்டைப் என்ற விண்டோஸ் அழைப்பை விடுத்து 5 என்ற விடை, அதாவது 'சிடி டிரைவ்', வருகிறதா என்று பார்க்கும். பிறகு சிடியின் லேபிளைச் சரிபார்க்கும். இதை மூல நிரலிலேயே நீக்கலாம். இல்லாவிட்டால் விளையாட்டை இயக்கும் எக்ஸி கோப்பில் சில பைட்டுகளை மாற்றினால் போதும்.

சேஃப்டிஸ்க், செக்யூராம் போன்ற வலுவான பூட்டுகள் அப்படியல்ல. அவை எக்ஸியையே மறையாக்கம் செய்துவிடும். விண்டோஸ் 10 இவற்றுக்கு ஆதரவு தருவதில்லை. சேஃப்டிஸ்க் டிரைவரை 2015-ல் வந்த ஒரு பாதுகாப்புப் பேட்ச் (திருத்தக் கோப்பு) பழைய விண்டோஸ்களிலும் முடக்கிவிட்டது. ஆகவே பூட்டுப் போடுவதற்கு முந்தைய எக்ஸியைத் தேடுங்கள். உருவாக்கியவர்களின் பழைய ஹார்டு டிஸ்க், பூட்டை நீக்கி வந்த கடைசி அதிகாரப்பூர்வப் பேட்ச், வேறு நாட்டில் பூட்டில்லாமல் வந்த பதிப்பு என்று இந்த வரிசையில் தேடுவது நல்லது.

இணையத்தில் கிடைக்கும் கிராக்கை, அதாவது யாரோ பூட்டை உடைத்துப் போட்ட கோப்பை, எடுத்து ஒட்டாதீர்கள். 2008-ல் ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2-க்கு யூபிசாஃப்ட் தந்த பேட்ச்சில் ரீலோடட் என்ற கிராக் குழுவின் கோப்பு இருந்தது அம்பலமானது. அதில் வேறு என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்கு உங்களால் உத்தரவாதம் தரவும் முடியாது.

பூட்டு போய்விட்டது என்று உடனே நம்பிவிடவும் கூடாது. 2001-ல் வந்த ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயின்டில் ஃபேட் என்றொரு முறை இருந்தது. நகல் என்று தெரிந்தால் விளையாட்டு நிற்காது. துப்பாக்கியின் குறி மெல்லத் தவறத் தொடங்கும். இந்த வகை மறைவான சோதனையைப் பிடிக்க ஒரே வழி, தொடக்கம் முதல் முடிவு வரை யாராவது விளையாடிப் பார்ப்பது.

'கையேட்டின் 12-ஆம் பக்கம் மூன்றாம் சொல் என்ன' என்று கேட்டுச் சோதிக்கும் விளையாட்டுகளுக்குக் கையேட்டை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆகச் சேர்த்தால் போதும் என்பார்கள். கேள்வியையே எடுத்துவிடுவது மேல். பிடிஎஃப்பைச் சேர்ப்பதும் வேண்டியதே.

ஓட வைப்பது

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் விளையாட்டு என்றால், அந்தக் காலக் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் சைக்கிள்ஸ் அளவை 386 செயலி கால விளையாட்டுக்கு ஏறக்குறைய 6000, 486 காலத்ததுக்கு 25000 என்று நிலையாக வைத்துத் தொடங்கி, ஓட்டிப் பார்த்து மாற்றுங்கள். 'மேக்ஸ்' வைத்தால் சில விளையாட்டுகள் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடும். ஆஸ்பெக்ட் அமைப்பை இயக்குங்கள். 320×200 படம் அன்று 4:3 திரைக்கு வரையப்பட்டது. இயக்காவிட்டால் எல்லோரும் குள்ளமாகத் தெரிவார்கள். டாஸ்பாக்ஸ் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருவது. சேர்த்து விற்கலாம், ஆனால் உரிமப் பிரதியும் நீங்கள் சேர்த்த பதிப்பின் மூல நிரலும் வாங்குபவருக்குக் கிடைக்க வேண்டும்.

பழைய விண்டோஸ் விளையாட்டில் 256 வண்ணங்கள் சிதறினால் டைரக்ட்ட்ரா (விண்டோஸின் பழைய வரைகலை முறை) அழைப்புகளை மாற்றித் தரும் ரேப்பர் என்ற இடைநிலை மென்பொருள் தேவை. வணிக விநியோகத்துக்கு அதன் உரிமம் இடம்தருகிறதா என்று படித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய இன்ஸ்டாலர் 16-பிட் என்றால் 64-பிட் விண்டோஸில் திறக்கவே திறக்காது. தூக்கிப் போட்டுவிட்டு, இன்ஸ்டாலர் செய்யும் கருவியான இன்னோ செட்டப்பில் புதிதாகக் கட்டுங்கள். நிறுவும் இடம் ப்ரோகிராம் ஃபைல்ஸ் வேண்டாம். பழைய விளையாட்டுகள் சேமிப்புக் கோப்பைத் தங்கள் ஃபோல்டரிலேயே எழுதும். விஸ்டாவிலிருந்து அங்கே எழுதத் தடை உண்டு. ஜிஓஜி இன்ஸ்டாலர் சி டிரைவில் தனி ஃபோல்டர் வைத்துக்கொள்வதைப் போலச் செய்யுங்கள்.

கடைக்கு அனுப்புமுன்

இதுவரை இந்த விளையாட்டு நிறுவப்படாத கணினியில், நெட்டைத் துண்டித்து, நிர்வாகி அல்லாத கணக்கில் நிறுவிப் பாருங்கள். சேமித்து, மூடி, திறந்து, நீக்கிப் பாருங்கள். நீக்கும்போது சேமிப்புக் கோப்புகள் அழியக் கூடாது. இன்ஸ்டாலரின் ஷா-256 செக்சத்தை விற்பனைப் பக்கத்தில் போடுங்கள். கையொப்பமில்லாத இன்ஸ்டாலருக்கு விண்டோஸ் எச்சரிக்கை காட்டும். கையொப்பச் சான்றிதழ் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள்.

நீங்களே விற்க இட்ச் என்ற இணையக் கடை எளிது. அதன் பங்கு இயல்பாக 10 சதவீதம், அளவை நீங்களே மாற்றலாம். ஜிஓஜி விளையாட்டைத் தேர்ந்தெடுத்துத்தான் ஏற்கும். ஸ்டீமில் ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்டணம்; அங்கே பூட்டு கட்டாயமில்லை, அவர்களுடைய பூட்டு ரேப்பரைச் சேர்க்காமலே விற்கலாம்.

ஒவ்வொரு இன்ஸ்டாலருக்கும் பதிப்பு எண் கொடுங்கள். புதியது வந்ததும் பழையதை அழித்துவிடாதீர்கள்: முந்தைய பதிப்பின் சேமிப்புக் கோப்பு புதியதில் திறக்காத விளையாட்டுகள் உண்டு, பாதி ஆட்டத்தில் இருப்பவருக்குப் பழையதுதான் வேண்டும்.